ஐம்பத்தோராவது ஆள்

எங்கள் சபையில் சென்ற மாதம் ஒரு கூட்டம் நடந்தது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு நற்செயல் அட்டை கொடுக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். பிள்ளைகள் செய்யும் ஒவ்வோர் உதவிக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் உதவி பெற்றவரின் கையெழுத்து, அதிகக் கையெழுத்து வாங்கும் பிள்ளைக்குப் பரிசு. எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தபோது நான் கையைத் தூக்கி வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். அச்சடிக்க நாள் போதாது என்று ஏதோ சொல்லித் தப்பித்தேன். பொதுவாக நான் மழுப்புகிற ஆள் இல்லை. மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லி நாலு பேரிடம் கெட்ட பெயர் வாங்கியவள். ஆனால் இதில் உண்மைக் காரணத்தைச் சொல்வதென்றால், அப்படி ஓர் அட்டையில் நான் ஐம்பது கையெழுத்து வாங்கிய கதையை முழுதாகச் சொல்ல வேண்டும். கூட்டத்தில் அதற்கு நேரமில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டியே இருந்தது. தெருவில் எங்களுடையது ஒன்றுதான் கிறிஸ்தவ வீடு. நிலைப்படிக்கு மேலே ஒரு மரச் சிலுவை, வாசலில் வேப்பமரம், கேட்டைத் திறந்தால் பாதை. மற்ற நாட்களில் ஆடும் மாடும் டிராக்டரும் போகிற அந்தப் பாதையில் பௌர்ணமியன்று ஊர் உலகமெல்லாம் வெறுங்காலோடு நடந்து போகும். அப்பாவுக்கு வேங்கிக்காலில் அரசு அலுவலகத்தில் வேலை. அம்மா பக்கத்துக் கிராமத்தில் பள்ளி ஆசிரியை. இவர்களோடு அத்தை.

அத்தை, அப்பாவின் தங்கை. கல்யாணமான இரண்டாம் வருஷமே கணவர் வேறொரு வாழ்க்கையைத் தேடிக்கொண்டு போய்விட, ஒரு சூட்கேசோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள். ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் நாள் முழுக்க நின்றபடி வேலை செய்வாள். அவளைப் பக்தி உள்ளவள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பிரசங்கம் ஆரம்பித்த மூன்றாவது நிமிடம் தூங்கிவிடுவாள். பாடினால் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். எந்த வேலையைச் செய்தாலும் வாய் ஓயாமல் முணுமுணுத்துக்கொண்டே செய்வாள். முட்டி வலி, இடுப்பு வலி, வெயில், ஜெராக்ஸ் மிஷின், என் தலைப் பேன் என்று அவளுடைய புகார்களுக்குப் பஞ்சமே கிடையாது.

அவள் ஜெபம் செய்கிற விதம்தான் எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. அம்மாவின் ஜெபம் கலெக்டரிடம் கொடுக்கும் மனுவைப் போல விவரமாக இருக்கும். யாருக்கு வேலை கிடைக்க வேண்டும், யாருக்குச் சுகம் கிடைக்க வேண்டும், எந்த மாமாவின் வீட்டு வழக்கு எப்படி முடிய வேண்டும் என்று எல்லாம் அதில் வரும். அத்தையோ காலையில் பாயை விட்டு எழுந்ததும் கண்ணை மூடி, "நன்றி ஆண்டவரே" என்பாள். அவ்வளவுதான். அடுப்பைப் பற்றவைக்கப் போய்விடுவாள். ஒரு நாள் நானே கேட்டேன், எதற்கு நன்றி என்று. புருஷன் விட்டுப் போனவள், சொந்தமாக ஒரு வீடில்லாதவள், எதற்கு நன்றி சொல்கிறாள் என்று தெரு முழுக்கப் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்திருந்தது.

"எல்லாத்துக்கும்தான். போடி, போய் பல்லு வெளக்கு" என்றாள்.

கேட்டு வாங்கத் தெரியாதவள் என்று முடிவு செய்துகொண்டேன். எனக்குக் கேட்டு வாங்க நன்றாகத் தெரியும்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் நாடகத்தில் தேவதூதன் வேஷம் யாருக்கு என்பதுதான் எங்கள் ஞாயிறு பள்ளியில் பெரிய கேள்வி. மற்ற வேஷங்களில் சும்மா நிற்க வேண்டும், அல்லது ஆட்டுக்குட்டியைப் போல் கத்த வேண்டும். தேவதூதனுக்கு மட்டும்தான் வெள்ளை அங்கி, வெள்ளிக் காகிதத்தில் இறக்கை, பெஞ்சுக்கு மேல் ஏறி நின்று சபை முழுக்கக் கேட்கும்படி நற்செய்தி சொல்லும் வசனம். வழக்கமாகச் சிவப்பாக இருக்கிற பிள்ளைக்குத்தான் அந்த வேஷம் போகும். அந்த வருஷம் எங்கள் டீச்சர் அதை மாற்றினார். ஆளுக்கு ஓர் அட்டை, ஐம்பது கட்டம், ஒரு மாதம். அதிகம் நிரப்புகிறவர்தான் தேவதூதன். நான் கறுப்பு. எனக்கு வாழ்க்கையில் இப்படி ஒரு வாய்ப்பு இனி வராது என்று தெரிந்துபோயிற்று.

மூன்று வாரத்தில் பத்தொன்பது கையெழுத்து சேர்த்துவிட்டேன். அதில் பன்னிரண்டு அப்பாவுடையது. செருப்பை எடுத்து வைத்தேன், மின்விசிறியைப் போட்டேன், பேப்பரை மடித்துக் கொடுத்தேன் என்று அவரை ஒரு வழி பண்ணியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை டீச்சர் அட்டையைப் பார்த்துவிட்டு, வீட்டு ஆட்கள் கையெழுத்து செல்லாது என்று பன்னிரண்டையும் அடித்துவிட்டார். மிச்சம் ஏழு. ஒரு டாக்டர் வீட்டுப் பெண்ணின் அட்டையில் நாற்பத்தொன்று இருந்தது. தன் அப்பாவின் கிளினிக்கில் காத்திருக்கும் நோயாளிகளுக்கு விசிறி விட்டே அவள் அத்தனையும் சேர்த்திருந்தாள். பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைக்கு நான் ஒரு பாட்டுக்கூட வாய் திறந்து பாடவில்லை.

அட்டையைக் கொடுக்க வேண்டியது அடுத்த ஞாயிறு. நடுவில் ஒரு நாள் கார்த்திகை தீபம்.

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அத்தை எங்கள் கேட்டருகே ஒரு பச்சை பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் வைப்பாள். தெருமுனை அடிபம்பிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்து ஊற்றி, ஒரு ஸ்டீல் டம்ளரோடு நின்று, நடந்து போகிறவர்களுக்கு மொண்டு கொடுப்பாள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நடப்பது அது. வேப்பமரத்தைப் போல அதுவும் வாசலில் இருக்கிற ஒரு பொருள் என்றுதான் நினைத்திருந்தேன். ஏழு கையெழுத்தோடு வீட்டுக்கு வந்த அன்றுதான் முதல் முறையாக அந்த டிரம்மை நின்று பார்த்தேன். ஒரு டம்ளர், ஒரு ஆள், ஒரு கையெழுத்து. அத்தை இத்தனை வருஷமாக எவ்வளவு கையெழுத்தை வீணாக்கியிருக்கிறாள் என்று எனக்கு வயிறு எரிந்தது.

தீபத்தன்று அப்பாவுக்குத் திருவிழாப் பணி, விடியும் முன்பே போய்விட்டார். பாதையை அடைத்துவிடுவார்கள் என்று அம்மா முந்தின நாளே செங்கத்துக்குத் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நானும் அத்தையும்தான். அட்டையை ஒரு பரீட்சை அட்டையில் செருகி, பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டேன்.

"அத்தை, இன்னிக்கு நான்தான் ஊத்துவேன். நீ டம்ளரைத் தொடாத."

"நல்லதாப் போச்சு, எனக்கு இடுப்பு வுட்டுப் போவுது. பம்புலேர்ந்து தண்ணி யாரு தூக்கறது?"

"நீதான்."

"அது சரி" என்று குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்தப் பம்பின் கைப்பிடியைத் திட்டிக்கொண்டே போனாள்.

அந்த வருஷம் தீபத்துக்கு மழையில்லை. காலை பத்து மணிக்கே தார் ரோடு கொதித்தது. ஜனம் ஆறு மாதிரி வந்துகொண்டே இருந்தது. முதலில் வந்தவர் வெள்ளை வேட்டிக்காரர். தண்ணீரைக் குடித்து முடித்ததும் நான் பேனாவை நீட்டினேன்.

"எதுக்கு பாப்பா கையெழுத்து? எந்தக் கட்சி?"

"கட்சி இல்லீங்க. சண்டே ஸ்கூல்."

அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் படித்தார். பிறகு பெயர், தகப்பனார் பெயர், ஊர், தாலுகா எல்லாவற்றையும் அந்த ஒரு கட்டத்துக்குள் எழுத முயன்றார். அடுத்தவர் தன் பெயருக்குப் பதில் "அருணாசல சிவ" என்று அழகாக எழுதிக் கொடுத்தார். காவி உடுத்திய ஒருவர் சூலம் வரைந்தார். வயதான அம்மா ஒருவர் விபூதிக் கட்டைவிரலைக் கட்டத்தில் அழுத்திவிட்டு, அதே விரலால் என் நெற்றியிலும் இழுத்துவிட்டுப் போனார். ஆந்திராவிலிருந்து பெண்கள் ஏழு பேர் ஒன்றாக வந்தார்கள். ஏழு பேரைச் சேர்த்துப் பார்த்ததும் எனக்கு வாயில் எச்சில் ஊறியது. தெலுங்கில் வட்ட வட்டமாக ஏழு கையெழுத்து, ஒரே மூச்சில்.

ஒருவர் டம்ளரை வாங்கிய பிறகு நிலைப்படிச் சிலுவையைப் பார்த்துத் தயங்கினார். அந்த நேரம் பார்த்து அத்தை குடத்தோடு வந்தாள்.

"வேதக்காரங்க வூடா இது?"

"ஆமாங்க. பம்புத் தண்ணிதான், குடிங்க" என்றாள் அத்தை. அவர் குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டும் குடித்தார்.

கொஞ்ச நேரத்தில் எனக்குத் தொழில் பிடிபட்டுவிட்டது. அவசரமாகப் போகிறவர்களைக் கூப்பிடக் கூடாது, நின்று கையெழுத்துப் போடமாட்டார்கள். கையில் குழந்தை வைத்திருப்பவர்களையும் தவிர்க்க வேண்டும், பேனா பிடிக்கக் கையிருக்காது. முழு டம்ளர் தேவையில்லை, அரை டம்ளருக்கும் கட்டம் ஒன்றுதான். அத்தை தூக்கி வந்த ஒவ்வொரு குடமும் என் அட்டையில் கையெழுத்தாக மாறிக்கொண்டிருந்தது. எத்தனை நடை நடந்தாள் என்று நான் எண்ணவில்லை. அதற்குக் கட்டம் கிடையாது.

மாலை நாலரை மணி சுமாருக்கு ஐம்பதாவது கையெழுத்து விழுந்தது. பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர் ஒருவர், பதவிப் பெயரோடு போட்டார். நான் டம்ளரை டிரம் மூடியின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அட்டையை மடியில் போட்டுக்கொண்டேன். இறக்கை முளைத்துவிட்ட மாதிரியே இருந்தது.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். அம்மா வயதுதான் இருக்கும். இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தை தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு குதிகாலில் துணி சுற்றியிருந்தாள்.

"பாப்பா, கொஞ்சம் தண்ணி குடும்மா. கொழந்தைக்கு."

"முடிஞ்சிடுச்சுக்கா."

அவள் டிரம்மைப் பார்த்தாள். அரை டிரம் தண்ணீர் வெளியிலிருந்தே தெரிந்தது. "அதுல இருக்குதேம்மா" என்றாள்.

"இல்லக்கா. கார்டு ஃபுல்லாயிடுச்சு."

அவளுக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தாள். நிமிர்ந்து சிலுவையைப் பார்த்தாள். இந்த மாதிரி வீடுகளில் ஏதோ இப்படி ஒரு வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும். "சரிம்மா" என்று சொல்லிவிட்டு, குழந்தையை இடுப்பில் மேலே ஏற்றிக்கொண்டு நடந்தாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் மறந்திருப்பேன். அவள் கோபப்படவில்லை.

அத்தை குடத்தோடு கேட்டருகே நின்றிருந்தாள்.

"இன்னா கேட்டுச்சு அந்தப் பொண்ணு?"

"தண்ணி."

"குடுத்தியா?"

"அம்பது ஆயிடுச்சு அத்தை" என்று அட்டையைத் தூக்கிக் காட்டினேன்.

அத்தை அட்டையைப் பார்க்கவில்லை. கவிழ்ந்திருந்த டம்ளரைப் பார்த்தாள். குடத்தை இறக்கி வைத்து, சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு, செருப்புக்கூடப் போடாமல் கூட்டத்துக்குள் ஓடினாள். நாள் முழுக்க முட்டி வலி என்று புலம்பிய அத்தை ஓடியதை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தாள். முந்தானை நனைந்திருந்தது. சொம்பில் பாதித் தண்ணீர் அப்படியே இருந்தது.

"ஆளு கெடைக்கல" என்றாள்.

"பரவால்ல அத்தை, முன்னாடி எங்கனா குடிச்சிருப்பாங்க" என்றேன், ஆறுதலாக.

அவள் டம்ளரை நிமிர்த்திக் கழுவி, ஊற்ற ஆரம்பித்தாள். முழு டம்ளர், ததும்பத் ததும்ப. ஆறு மணிக்கு மலையுச்சியில் தீபம் ஏறியபோது பாதை மொத்தமும் நின்று, கைகள் மேலே போய், அரோகரா சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. எல்லோரும் மலையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அத்தை மட்டும் கூட்டத்தின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்கள் யாராவது குழந்தையோடு தெரிந்தால் எட்டி எட்டிப் பார்த்தாள். அதன் பிறகு அன்று முழுக்க அவள் ஒரு தடவைகூட முணுமுணுக்கவில்லை. அதுதான் எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அட்டைகளைச் சபையார் முன்னால் வாசித்தார்கள். டாக்டர் வீட்டுப் பெண்ணுக்கு நாற்பத்தெட்டு. என்னுடையதைக் கையில் எடுத்த டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இதுல சூலம்லாம் இருக்குதே" என்றார்.

சபை மூப்பர் ஒருவர் எழுந்து, தீபத் திருவிழாவில் வாங்கிய கையெழுத்தைக் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு எப்படி ஏற்பது என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருப்பதாகச் சிலர் தலையாட்டினார்கள். அட்டை போதகர் கைக்குப் போனது. அவர் "அருணாசல சிவ"வைப் பார்த்தார், விபூதி விரலைப் பார்த்தார், அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தாகத்துக்குத் தண்ணி குடுத்ததுல எனக்கு ஒண்ணும் தப்பு தெரியலங்க. குடிச்சவங்க அவங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி எழுதியிருக்காங்க. ஆனா ஒண்ணு கேக்கணும்" என்று என்னிடம் திரும்பினார். "தண்ணி குடிச்ச எல்லாருக்கும் நீயே குடுத்தியாம்மா? யாரு சாட்சி?"

சாட்சி ஒரே ஆள்தான். மூன்றாவது வரிசையில் அத்தை தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்தவர் தட்டி எழுப்பி விஷயத்தைச் சொன்னார். அத்தை மெதுவாக எழுந்து நின்றாள். அவள் வாயைத் திறந்தால் எல்லாம் போயிற்று. குடத்தைச் சுமந்தது யார், டம்ளரைக் கவிழ்த்தது யார், குதிகாலில் துணி சுற்றிய பெண்ணை நான் என்ன சொல்லி அனுப்பினேன், எல்லாம். அந்த இறக்கையை இழந்தால் செத்தே போய்விடுவேன் என்று ஒன்பது வயதில் உண்மையாகவே நம்பினேன்.

"ஆமாங்க ஐயா" என்றாள் அத்தை. "குடிச்சிட்டுக் கையெழுத்துப் போட்ட அத்தனை பேருக்கும் இவதான் ஊத்துனா."

"வேற ஏதாச்சும் சொல்லணுமா?"

அத்தை என்னைப் பார்த்தாள். கணவர் அவளைவிட்டுப் போனபோதும் ஊரார் முன்னால் அவள் குறை சொன்னதில்லை என்று அம்மா பின்னாளில் எனக்குச் சொல்லியிருக்கிறாள். அன்று அதெல்லாம் எனக்குத் தெரியாது.

"ஒண்ணும் இல்லீங்க" என்று உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் பெண்ணை அத்தை மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். பஸ்ஸில் அவள் தோளில் சாய்ந்துகொண்டு வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

தேவதூதனாக நன்றாகவே நடித்தேன். இதில் அடக்கம் காட்டுவானேன். பெஞ்சின் மேல் நின்று, எல்லா மக்களுக்கும் நற்செய்தி என்று நான் கையை விரித்தபோது கடைசி வரிசை வரை கேட்டது. டாக்டர் வீட்டுப் பெண் என் காலடியில் ஆட்டுக்குட்டியாக இருந்தாள். அத்தை மூன்றாவது வரிசையில் வாயைத் திறந்து தூங்கினாள். இவளுக்கு ஒரு வேஷமும் கிடைக்காது, ஒரு பரிசும் கிடைக்காது, பாவம் என்று இறக்கையோடு நின்று அவளுக்காக வருத்தப்பட்டேன்.

ஒரு கிறிஸ்தவர் காலையில் எழுந்து அன்றைய வேலையை எதற்காகச் செய்ய வேண்டும் என்று இன்று என் ஞாயிறு பள்ளி வகுப்புப் பிள்ளைகள் கேட்டால் எனக்குத் தடுமாற்றமே கிடையாது. நாம் கேட்பதற்கு முன்பே நம்மை ஒருவர் நேசித்துவிட்டார், அதற்காகத்தான் என்பேன். நான் தண்ணீர் கொடுத்தது ஒன்றை வாங்குவதற்காக. அத்தை அந்த நேசத்தை ஏற்கெனவே வாங்கிவிட்டு வந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். என் தண்ணீர் ஐம்பதோடு நின்றுபோனதற்கும் அவளுடைய டிரம் காலியாகாததற்கும் வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் அன்று உட்கார்ந்தாளே, அதுவும் அந்த டிரம்மிலிருந்து எனக்கு மொண்டு கொடுத்த ஒரு டம்ளர்தான் என்று புரிய எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் பௌர்ணமி. வெள்ளிக் காகித இறக்கையைக் கழற்ற மனமில்லாமல் வாசலில் சுற்றிக்கொண்டிருந்தேன். அத்தை எப்போதும் போல டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து கேட்டருகே நிறுத்தினாள். முட்டி வலிப் புலம்பல் திரும்பி வந்திருந்தது. நல்லவேளை என்று இருந்தது எனக்கு. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போனேன்.

"அத்தை, போட்டிதான் முடிஞ்சிடுச்சே."

"தெரியும்டி. அந்த டம்ளரை எடுடி."

எடுத்துக் கொடுத்தேன். ஒருவர் வந்தார், குடித்தார், வாயைத் துடைத்துக்கொண்டு போனார். அடுத்தவரும் அப்படியே. குழந்தையோடு ஒரு பெண் வந்தபோது அத்தை சட்டென்று நிமிர்ந்து அவள் குதிகாலைப் பார்த்தாள். அவளுக்கும் ததும்பத் ததும்ப ஊற்றினாள். அவர்களிடமிருந்து அத்தைக்கு என்னதான் கிடைக்கிறது என்று பார்க்க நான் இறக்கையோடு அங்கேயே நின்றேன். ஒன்றும் கிடைக்கவில்லை. பலர் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் போனார்கள். அப்போது, காலி டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டே, அத்தை வாய்க்குள் ஏதோ சொல்வது கேட்டது. இடுப்பு வலிதான் என்று நினைத்துக் கிட்டே போய்க் காதைக் கொடுத்தேன்.

"நன்றி ஆண்டவரே" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

குடித்தவர்கள் சொல்ல வேண்டியதை ஊற்றுகிறவள் சொல்கிறாளே, அத்தைக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டு, இறக்கை கசங்காமல் ஒரு கையால் பிடித்தபடி விளையாடப் போய்விட்டேன்.